1070இல் சோழ அரியணை: அதிராசேந்திரன், குலோத்துங்கன் பற்றிய தொடருக்குத் திரைக்கதை உதவி தேவை (படப்பிடிப்பு சேலம், ஏற்காடு)

அம்மாபேட்டை எழுத்தர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். சேலத்திலிருந்து 13 பகுதிகளில் ஒரு சரித்திரத் தொடர், பகுதிக்கு 22 நிமிடம். சோழ மன்னன் வீரராசேந்திரன் இறப்பதில் தொடங்கி, மகன் அதிராசேந்திரன் முடிசூடிச் சில வாரத்தில் சாவதும், வேங்கியின் சாளுக்கிய இளவரசன் குலோத்துங்கனாக அரியணை ஏறுவதும்தான் கதை.

முதல் வரைவில் உள்ளது இது. தஞ்சை அரண்மனை. குலோத்துங்கன் தம்பி முறையில் வந்து பாசம் காட்டுகிறான். அரசன் அனுப்பியதுபோல ஒரு பொய் ஓலை எழுதிக் காவல்படையை வெளியே அனுப்புகிறான். அன்று இரவு பாலில் நஞ்சு. தகவல் கேட்டு மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தன் இரண்டே நாளில் படையோடு வந்து சேர்கிறான். எல்லாரும் "மகாராஜா", "இளவரசே" என்றுதான் பேசுகிறார்கள். "மூத்த மகனுக்கே முடி" என்று ஒரு வசனமும் உண்டு.

காட்டுக் காட்சிகள் ஏற்காட்டில், அரண்மனைக்குத் தாரமங்கலம் கோயில் மண்டபம், கோட்டைக்குச் சங்ககிரி என்று யோசனை. விவரம் தெரிந்தவர்கள் எங்கெங்கே இடறுகிறது என்று சொன்னால் இப்போதே திருத்திவிடலாம்.

ஓலைநாயகம்

நஞ்சை அப்புறம் பார்ப்போம், முதலில் உறவுமுறையைச் சரி செய்யுங்க. இந்தக் கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதலாம் ராசராசன் மகள் குந்தவை வேங்கி விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர்கள் மகன் ராசராச நரேந்திரன் கட்டியது தன் தாய்மாமன் முதலாம் ராசேந்திரனின் மகள் அம்மங்கையை. அந்த இருவருக்கும் பிறந்த மகன்தான் உங்கள் நாயகன். அவனும் தாய்மாமன் இரண்டாம் ராசேந்திரனின் மகள் மதுராந்தகியைத்தான் கட்டினான். மூன்று தலைமுறையாகச் சோழப் பெண் கொடுத்த வீடு அது. வீரராசேந்திரனும் அம்மங்கைக்கு உடன்பிறந்தவன், அதனால் நாயகனுக்கு அம்மான் முறை. அதிராசேந்திரனோ மாமன் மகன். தம்பி முறை எங்கிருந்து வரும்? இருவரும் ஒருவருக்கொருவர் மைத்துனன்.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்க. மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தன் வீரராசேந்திரனின் மகளைக் கட்டியவன். அவனும் அதிராசேந்திரனுக்கு மைத்துனன்தான். அத்தை மகன் ஒரு பக்கம், உடன்பிறந்தாள் கணவன் இன்னொரு பக்கம், நடுவில் மாட்டிக்கொண்ட இளம் அரசன். சம்பந்தி வீட்டுச் சண்டை எப்படி நடக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். அண்ணன் தம்பியைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிற வடநாட்டுத் தொடர் அச்சு இங்கே பொருந்தவே பொருந்தாது. அதைக் கொண்டுவந்து ஒட்டினால் இந்தக் கதைக்கே உரிய வலி போய்விடும்.

"மூத்த மகனுக்கே முடி" என்ற வசனத்தையும் எடுத்துவிடுங்க. 1054இல் கொப்பத்தில் ராசாதிராசன் யானைமேலேயே இறந்தான். உடனிருந்த தம்பி இரண்டாம் ராசேந்திரன் சிதறிய படையைத் திருப்பிச் சண்டையை வென்று, போர்க்களத்திலேயே முடி சூடிக்கொண்டான். அவனுக்குப் பின் வந்தவன் இன்னொரு தம்பி வீரராசேந்திரன். உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிடுவதுதான் சோழர் செய்த பாதுகாப்பு. முதலாம் ராசேந்திரனுக்கு 1012இல், ராசாதிராசனுக்கு 1018இல் அப்படித்தான் கட்டினார்கள்.

நாயகனுக்கு என்ன உரிமை என்ற கேள்விக்குக் கலிங்கத்துப்பரணியிலேயே விடை இருக்கிறது. பிறந்த குழந்தையின் அங்க அடையாளங்களைப் பார்த்துக் கங்கைகொண்ட சோழனாகிய முதலாம் ராசேந்திரனின் அரசி, "இவன் நம் குலத்துக்கு மகனாகத் தக்கவன்" என்று வாரி எடுத்துக்கொள்கிறாள். மகள் வயிற்றுப் பேரனை மகனாக ஏற்ற பாட்டி. முதல் பகுதியை அங்கே தொடங்கினால் அவன் வில்லனாகவும் வேண்டாம், உத்தமனாகவும் வேண்டாம். வேங்கியில் அவன் அப்பா இறந்ததும் சிற்றப்பன் விசயாதித்தன் அரசைப் பிடித்துக்கொண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்க. தகப்பன் வீட்டில் இடமில்லாதவன் தாய் வீட்டைப் பார்க்கிறான்.

இன்னும் இரண்டு. தலைநகர் தஞ்சை அல்ல, கங்கைகொண்டசோழபுரம். அடுத்தது பெயர்: 1070இல் அவனை யாரும் "குலோத்துங்கா" என்று கூப்பிட மாட்டார்கள். ஆட்சியின் முதல் சில ஆண்டுக் கல்வெட்டுகளில் அவன் ராசகேசரி ராசேந்திர சோழன்தான். கடைசிப் பகுதி வரை ராசேந்திரன் என்றே வையுங்க.

கன்னங்குறிச்சி

அதிராசேந்திரன் சில வாரம் என்பது சரியா? அவனுடைய மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறதே. மூன்று வருடம் ஆண்டிருக்க வேண்டும்.

திருமணிமுத்தாற்றுக் கரை

இல்லைங்க, அந்த எண்ணிக்கை இளவரசுப் பட்டம் கட்டிய நாளிலிருந்து ஓடுகிறது. அப்பா உயிரோடிருந்த காலமும் அதற்குள் அடக்கம். தனியாக ஆண்டது சில வாரம்தான். சோழர் ஆண்டுக் கணக்கில் அடிக்கடி இப்படித் தடுமாற்றம் வரும், அதனால் ஒரு மன்னனின் கடைசி ஆண்டும் அடுத்தவனின் முதல் ஆண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

விக்கிரமாதித்தன் இரண்டு நாளில் வர முடியாது. துங்கபத்திரைக் கரையிலிருந்து காஞ்சி வரை வழிநடையாக 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். யானையும் பொதிமாடும் உள்ள படை நாளுக்கு 15, 20 கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தை வீணாக்காதீங்க, சூழ்ச்சிக்கு இடமே அதுதான். அவன் ஆளாகிய பில்கணன் பாடிய விக்கிரமாங்கதேவ சரிதத்தின்படி, அவன் காஞ்சிக்கு வந்து கலகக்காரரை அடக்கினான், கங்கைகொண்டசோழபுரம் போய் மைத்துனனை அரியணையில் உட்காரவைத்தான், திரும்பித் துங்கபத்திரைக்குப் போனான். போன பிறகுதான் புதுக் கலகத்தில் அதிராசேந்திரன் இறந்த செய்தியும், வேங்கிக்காரன் அரியணை ஏறிய செய்தியும் அவன் காதுக்கு எட்டுகின்றன. ஆக அவன் வருவது சாவுக்கு முன்பு. உங்கள் வரைவில் தலைகீழாக இருக்கிறது.

பரணியோ குலோத்துங்கன் அவையில் பிறந்த நூல். வீரராசேந்திரன் மறைந்தான், நாடு குலைந்தது, அபயன், அதாவது குலோத்துங்கன், வந்து நிலைநிறுத்தினான் என்று போகிறது. அதிராசேந்திரன் என்று ஒருவன் இருந்ததாகவே அதில் இல்லை. ஒருவர் கலகம் என்கிறார், இன்னொருவர் ஆளையே விட்டுவிடுகிறார். நஞ்சு யார் வாயிலும் இல்லை. சாவைத் திரைக்கு வெளியே வைத்து, செய்தி மட்டும் இரண்டு அவைகளுக்கு இரண்டு விதமாகப் போய்ச் சேர்வதைக் காட்டுங்க. பாலில் நஞ்சு கலப்பதைவிட அது கனமான காட்சி.

முன்கதைக்கு ஒன்று: விக்கிரமாதித்தனின் அப்பா சோமேசுவரன் 1068இல் துங்கபத்திரையில் இறங்கி உயிரை விட்டவர். அண்ணன் இரண்டாம் சோமேசுவரனுக்கு முடி போனது. 1076இல் அந்த அண்ணனை இறக்கிவிட்டு விக்கிரமாதித்தன் அரசனானான். அப்போது அண்ணனுக்குத் துணை நின்றவன் நம் குலோத்துங்கன். இரண்டாம் பருவம் எடுத்தால் அதுவே கதை.

ஏற்காடு அடிவாரம்

கதையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏற்காட்டில் காட்டுக் காட்சி என்றால் காபித் தோட்டத்துக்குள் கேமராவைக் கொண்டுபோகாதீங்க. சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 19ஆம் நூற்றாண்டில், காக்பர்ன் துரை காலத்தில். அதற்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், தைலமரமும் அப்படியே. சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல மின்னும், காற்று அடித்தால் பின்னணி முழுக்கப் பளபளக்கும். மிளகுக்கொடி நம்முடையதுதான், ஆனால் அது ஏறி நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக்கில். தோட்டம் இல்லாத சரிவுகளில் சந்தனம், மூங்கில், பலா, ஆல் இருக்கிற இடமாகப் பாருங்க.

கீழே இறங்கினால் வேறு தொல்லை. சேலம் வட்டாரம் முழுக்க மரவள்ளி. அது தென்னமெரிக்கப் பயிர். மக்காச்சோளம், நிலக்கடலை, சீமைக்கருவேலம் எதுவுமே அன்று இல்லை. சோளக்காடு, கம்பங்காடு, நெல்வயல், பனை என்றால் தைரியமாக எடுக்கலாம். சமையல் காட்சியில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு கூடாது, காரத்துக்கு மிளகும் இஞ்சியும். மாலையில் செண்டுமல்லி கூடாது, அது மெக்சிகோ பூ. முல்லை, மல்லிகை, அலரி, தாமரை போதும். முடிசூட்டு விழாவில் ஆரஞ்சு நிறச் செண்டுமல்லித் தோரணம் தொங்கவிடுவதுதான் பெரும்பாலான தொடர்களில் நடக்கிற தப்பு.

தாரமங்கலம் கோயில் கெட்டி முதலிகள் எழுப்பியது, சோழனுக்கு ஐந்நூறு ஆண்டுக்குப் பிந்தைய வேலைப்பாடு. அந்தக் குதிரைவீரன் தூண் ஒன்று சட்டகத்தில் விழுந்தாலே தெரிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். சங்ககிரி மதில் பீரங்கி, துப்பாக்கிக் காலத்தது. தொல்லியல் துறையிடம் முன் அனுமதியும் வாங்க வேண்டும்.

அரண்மனைக்குக் கல் மண்டபமே தேவையில்லை. கங்கைகொண்டசோழபுரம் மாளிகைமேட்டு அகழாய்வில் கிடைத்தது செங்கல் சுவர், மரத்தூண் நிறுத்தும் கருங்கல் அடித்தளம், கூரை ஓடு. பழைய தொட்டிக்கட்டு வீடு ஒன்றைப் பிடியுங்க. மரத்தூணும் திண்ணையும் அப்படியே உதவும். கூரையை மட்டும் காட்ட வேண்டாம், மங்களூர் ஓடு 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சுவரில் சுண்ணாம்பு அடித்து, வாசலுக்குத் திரைச்சீலை போட்டால் போதும்.

உடைக்குச் சேலம் வெண்பட்டு நல்லது, கரையில் அச்சடித்த சரிகைப் பூ இல்லாததாக எடுங்க. காலுக்குச் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசை அப்படியே மாட்டாதீங்க. அதில் திருகாணி இருக்கும், கிட்டக் காட்சியில் பளிச்சென்று தெரியும். சோழர் செப்புத் திருமேனிகளில் பாதசரத்தைப் பார்த்து, அதே பட்டறைகளில் பித்தளையில் செய்யச் சொல்லுங்க.

அம்மாபேட்டை எழுத்தர்

மிக்க நன்றிங்க. நஞ்சையும் தஞ்சையையும் எடுத்துவிட்டேன். பொய் ஓலை மட்டும் வேண்டும், ஐந்தாம் பகுதி அதில்தான் நிற்கிறது. அது நடக்கக்கூடியதா? வசனத்தில் எப்படி அழைக்க வேண்டும்?

ஓலைநாயகம்

ஒற்றை ஆள் இரவில் உட்கார்ந்து எழுதி முத்திரை குத்துவது நடக்காது. அரசன் வாயால் சொல்வது திருவாய்க்கேள்வி. அதைத் திருமந்திர ஓலை என்ற எழுத்தன் எழுதுகிறான், அவனுக்கு மேலுள்ள ஓலைநாயகம் ஒப்பிடுகிறான், பிறகு புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகம், முகவெட்டி என்று வரித்துறை அலுவலர் பலர் கையில் ஏறித்தான் கணக்கில் பதியும். ஆனைமங்கலம் செப்பேட்டில் ராசராசன் சொன்னது 21ஆம் ஆண்டின் 92ஆம் நாள், கணக்கில் ஏறியது 96ஆம் நாள். நில ஆணைக்கே இத்தனை கை. ஆகவே சூழ்ச்சிக்காரன் முத்திரையைத் திருட வேண்டாம். உண்மையான ஆணையை அந்த நான்கு நாளில் எங்கே நிறுத்திவைப்பது என்று பார்த்தாலே போதும். ஓலைநாயகத்துக்குக் காய்ச்சல், ஒப்பிட ஆளில்லை, ஓலை பெட்டியிலேயே கிடக்கிறது. வேளைக்காரப் படையை அரண்மனைக்கு அழைக்கும் ஆணை ஒரு நாள் தாமதமானால் போதும். வேளைக்காரர் அரசனுக்காக உயிரைத் தருவதாகச் சூளுரைத்தவர்கள், அவர்களை விலைக்கு வாங்கும் காட்சியை எழுதாதீங்க.

ஓலையைக் கிட்டத்தில் காட்டப்போகிறீர்கள் என்றால் முற்றின ஓலை ஆகாது, சுருட்டும்போது வெடிக்கும். முற்றாத ஓலையை மஞ்சள் போட்டு வேகவைத்து, நிழலில் உலர்த்தி, ஒன்றரை அங்குல அகலத்துக்கு நறுக்குங்க. எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்கே தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தால் கீறலில் மட்டும் கருப்பு நிற்கும். அந்தத் துடைப்பையே ஒரு காட்சியாக எடுங்க, எழுத்து கண்முன்னே எழுந்து வரும். எழுத்தில் புள்ளி போட வேண்டாம், எகர ஏகார வேறுபாடும் வேண்டாம். கணினி எழுத்துருவை அச்செடுத்து ஒட்டினால் எல்லாம் வீண்.

அழைப்பு: அரசன் "உடையார்" அல்லது "தேவர்". இளவரசன் "பிள்ளையார்". அரசி "நம்பிராட்டியார்". தஞ்சைக் கல்வெட்டில் ராசராசன் தன் வாயால் சொல்வது "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்றுதான். வீட்டுப் பேச்சு அவ்வளவு எளிமையாக இருக்கலாம். இறந்தவர்களைப் பெயர் சொல்லாமல் சொல்லுங்க. சுந்தர சோழன் "பொன்மாளிகைத் துஞ்சின தேவர்", கொப்பத்தில் மாண்டவன் "யானைமேல் துஞ்சின தேவர்". ஐந்தாம் பகுதியில் காவலன் ஒருவன் அதிராசேந்திரனைப் பற்றிப் பேசும்போது "துஞ்சின தேவர்" என்று தொடங்கி, எங்கே துஞ்சினான் என்று சொல்ல வாயெடுக்காமல் நிறுத்திவிடட்டும்.