பினாங்கு ஊர்ப்பெயர்களோடு உங்கள் அனுபவம் என்ன?

தண்ணீர்மலைக்காரன்:
சென்னை மண்ணடியில் இருக்கும் மாமா போன தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கொம்தார் கோபுரத்தின் பக்கம் ‘ஜார்ஜ் டவுன்’ என்ற பலகையைப் பார்த்ததும், “என்னப்பா, எங்க பேட்டையைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?” என்றார். அவர் கேட்டது நியாயம்தான், மண்ணடியும் அங்குள்ள ஜார்ஜ் டவுனுக்குள்தான் வருகிறது. ஆனால் ராஜா வேறு. அது ஐந்தாம் ஜார்ஜ், நம்முடையது மூன்றாம் ஜார்ஜ்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றியது 1786 ஆகஸ்ட் 11. மறுநாள் வேல்ஸ் இளவரசருக்குப் பிறந்தநாள். அதனால் தீவுக்கு ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’ என்று மகன் பெயர், ஊருக்கு அப்பா பெயர். மகன் பெயர் நிலைக்கவில்லை. பாக்கு மரத்தை வைத்து வந்த பினாங்குதான் நின்றது. அப்பா பெயர் பலகையில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் வாயிலோ இன்னும் தஞ்சோங்தான், அதாவது முனை. கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கும் முனைக்கு முன்பு தஞ்சோங் பெனாகா என்று பெயர். பெனாகா என்றால் நம் புன்னை மரம். இதைச் சொன்னதும் மாமா, மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தலமரமும் புன்னைதான் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விடவில்லை.

லைட் பீரங்கியில் வெள்ளிக்காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம், காசுக்கு ஆசைப்பட்டு ஆட்கள் காட்டை வெட்டினார்களாம். எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை கிடையாது. கம்பெனிக்கு யார் கணக்குச் சொல்வது?

மறுநாள் 101ஆம் எண் பேருந்தில் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போனோம். பத்து என்றால் கல், பாறை. ஃபெரிங்கியை நான் விளக்குவதற்குள் அவரே, “பரங்கியா? அப்போ எங்க பரங்கிமலைக்குத் தம்பின்னு சொல்லு” என்றார். இத்தனை வருஷம் அந்த வழியே போய்வந்தும் எனக்கு அது தோன்றியதில்லை.

பட்டர்வொர்த்வாசி:
எங்கள் பக்கம் கூத்து வேறு. பட்டர்வொர்த்தை இங்கே பாகான் என்றுதான் சொல்வார்கள். ஜொகூரிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர், ஓட்டுநர் “பாகான், பாகான்” என்று கூவியும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பட்டர்வொர்த் வரும் என்று காத்திருந்தவர் புக்கிட் மெர்தாஜாமில் போய் இறங்கினார். பட்டர்வொர்த் என்பது 1843 முதல் 1855 வரை இங்கே கவர்னராக இருந்தவர் பெயர் என்று அப்புறம் சொன்னேன். “கவர்னரைத் தெரிஞ்சு என்னய்யா பண்றது, பாகான்னு முன்னாடியே சொல்ல வேண்டாமா?” என்று அவருக்குக் கோபம். தோட்டத்தில் வளர்ந்த எங்கள் தாத்தா, தீவுக்கு எதிர்க்கரையான எங்கள் பகுதியைக் கடைசிவரை செபராங் பிறை என்று சொன்னதே இல்லை. அவருக்கு அது ‘புரோவின்ஸ் வெல்லஸ்லி’.

கடைத்தெரு கண்ணன்:
லெபோ பசார் எங்கே என்று எங்கள் பாட்டியிடம் கேட்டால் தெரியாது என்பார். அவர் வாரந்தோறும் பூ வாங்கும் கடைத் தெருவே அதுதான்.

செந்தூல்காரன்:
கோலாலம்பூரிலிருந்து ஒன்று. பத்துமலைக்குப் போகும்போது என் மகன் மலைகளை எண்ணிக்கொண்டே வந்தான். பத்து வரவில்லை என்று புகார். பக்கத்தில் ஓடும் சுங்கை பத்து ஆற்றின் பெயரடா அது, ஃபெரிங்கியில் இருக்கும் அதே பத்து, கல் என்றேன். “மலைன்னா கல்லுதானே இருக்கும், அதை வேற தனியா சொல்லணுமா?” என்றான். யாராவது பதில் சொல்லுங்கள், அவன் இன்னும் விடவில்லை.