அமெரிக்கக் கால்பந்து வீரர் டேசம் ஹில் (செயின்ட்ஸ் அணியின் 7ஆம் எண்) ஆடியதை நேரில் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம்

ஹூஸ்டன்வாசி:

2022 அக்டோபர் 9, செயின்ட்ஸின் சொந்த அரங்கமான சூப்பர்டோம், சியாட்டிலுக்கு எதிரான ஆட்டம். அந்த ஆட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, இங்கே பாதிப் பேர் மனப்பாடமாக ஒப்பிப்பீர்கள். என் கதை வேறு.

சகலையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு அதுதான் முதல் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்டம். ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகிற வழியெல்லாம் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் யார், வாங்கி ஓடும் ரன்னிங் பேக் யார், வழி மறித்தும் பந்தைப் பிடித்தும் ஆடும் டைட் எண்ட் யார் என்று வகுப்பு எடுத்தேன். மனிதர் நன்றாகப் பிடித்துக்கொண்டார். அதுவே வம்பாகிவிட்டது. 7ஆம் எண் பந்தோடு ஓடி, எதிரணிக் கோட்டைத் தாண்டி டச்டவுன். "இவர் ரன்னிங் பேக்தானே?" இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே 7 பந்தை எறிகிறார், ட்ராட்மன் பிடிக்கிறார், டச்டவுன். "அப்போ குவார்ட்டர்பேக்?" இல்லை, அது டால்டன். சியாட்டில் உதைத்த கிக்காஃபைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவதும் 7. போனில் பட்டியலைக் காட்டினேன்: டைட் எண்ட். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வழியெல்லாம் தப்புத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தவனைப் பார்ப்பதுபோல.

கடைசி க்வார்ட்டர். சியாட்டிலின் வாக்கர் 69 யார்டு ஓடி 32-31 என்று முன்னே போய்விட்டார்கள். அரங்கமே தொங்கிப்போய் இருந்தது. இதுதான் சமயம் என்று நாச்சோஸ் வைத்துக் கொடுத்த அட்டைத் தட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் பேனாவால் பதினொரு வட்டம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். "இதோ, இந்த இடத்தில் ஹில் நின்றால்..." என்று நான் வட்டத்தில் பேனாவை வைக்கிறேன், சுற்றி இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். நிமிர்ந்தால் முதுகுகள். கறுப்பும் தங்க நிறமுமாக முதுகுகள் மட்டும். 60 யார்டு ஓட்டம். சகலை முழுசாகப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

39-32, ஜெயித்தோம். வீடியோவில் நூறு தடவை பார்த்தாயிற்று. ஆனாலும் அந்த ஆட்டம் என்றதும் மனசுக்கு வருவது சீஸ் கறை படிந்த அந்தத் தட்டுதான்.

ப்ரோவோ பழைய மாணவன்:

சிரித்துவிட்டேன் நண்பரே. என்னுடையது சிரிக்கிற கதை இல்லை.

ஹில் ஆடிய பிஒய்யு (பிரிகாம் யங்) பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். 2013இல் டெக்சாஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 259 யார்டு ஓடிய பையன் என்று ஊரே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலம். 2014 அக்டோபர் 3, வெள்ளி இரவு, யூட்டா ஸ்டேட் ஆட்டம். ஒரு மோதல், கால் போய்விட்டது. சத்தம் கேட்டதா என்று பின்னால் நிறைய பேர் கேட்டார்கள். கேட்கவில்லை, நான் மேல் வரிசையில் இருந்தேன். நினைவில் இருப்பது என் கையிலிருந்த ஹாட் சாக்லேட். அவரைக் களத்திலிருந்து கொண்டு போகும்வரை யாரும் உட்காரவில்லை, நானும் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிறகு குடித்தபோது பச்சைத் தண்ணியாக ஆறியிருந்தது.

2012இல் முழங்கால், 2014இல் கால், 2015இல் நெப்ராஸ்காவில் பாதம், 2016இல் முழங்கை. நான்கு தடவை சீசனே முடிந்துபோன காயம். அதில் மூன்று அதே யூட்டா ஸ்டேட்டுக்கு எதிராக! ஜாதகம் பார்க்கிறவர்கள் யாராவது விளக்குங்கள். இதற்கெல்லாம் முன்னால் மதப் பணிக்காக ஆஸ்திரேலியாவில் வேறு இருந்துவிட்டு வந்தவர். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2017 டிராஃப்டில் யாரும் பெயரைச் சொல்லவில்லை. அப்போதே வயது 26. அந்த இரவில் என்னிடம் யாராவது வந்து, இவர் 30 வயதைத் தாண்டி என்எஃப்எல்லில் ஆடுவார் என்று சொல்லியிருந்தால் கோப்பையைத் தூக்கி அடித்திருப்பேன்.

விஸ்கான்சின் சீஸ்:

எல்லாரும் ஒரே மாதிரி உருகுகிறீர்கள், ஒரு மாற்றுக் கருத்துக்கு இடம் கொடுங்கள்.

நானும் நேரில் பார்த்தவன்தான். 2017 ஆகஸ்டில் லாம்போ அரங்கத்தில், எங்கள் பேக்கர்ஸ் அணிக்காக அவர் இருந்தபோது, பிரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம்). ஒன்றும் பெரிதாக நினைவில் இல்லை, அதிலிருந்தே தெரியவில்லையா? நாங்கள் கழற்றிவிட்டோம், செயின்ட்ஸ் எடுத்துக்கொண்டது. சரி, எங்கள் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் எங்கள் குவார்ட்டர்பேக் ரோஜர்ஸின் காறை எலும்பு உடைந்தபோது நாங்கள் பட்ட பாடு எனக்கும் தெரியும். ஆனால் ஹில்லை முழுநேர குவார்ட்டர்பேக் ஆக்கிய நாட்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? 2021 டிசம்பர் 2, டல்லாஸ் ஆட்டம், நான்கு இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்து நான்கு தடவை எதிரணி கையில். அன்றைய செயின்ட்ஸ் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு அவர் ஒரு பிரியமான விளையாட்டுப் பொருள், அவ்வளவுதான். எல்லா வேலையும் தெரிந்தவனுக்கு ஒரு வேலை ஒழுங்காகத் தெரியாது.

தம்பா தம்பி:

விஸ்கான்சின் அண்ணே, அந்த டல்லாஸ் ஆட்டத்தில் எறியும் கையில் விரல் போய், அதோடு ஆடினார். அந்த விரலை வைத்துக்கொண்டே 101 யார்டு ஓடினார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் கதை சின்னது. 2018 டிசம்பர், தம்பா. நான் உள்ளூர் அணியான பக்கனியர்ஸ் ஆள். பாதி ஆட்டத்தில் 14-3 என்று முன்னிலை, எங்கள் அணி டச்டவுன் போட்டால் வெடிக்கும் அரங்கத்துக் கடற்கொள்ளைக் கப்பல் பீரங்கி இரண்டு தடவை முழங்கிவிட்டது, குஷியாக இருந்தோம். அப்புறம் எங்கள் பன்ட், பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விடுவது. ஒருவர் நடுவே புகுந்து இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்தார். பந்து காலை விட்டுக் கிளம்பின வேகத்திலேயே திரும்பிவிட்டது. அந்த சத்தம் எனக்கு மறக்காது, ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி. யார் என்று பார்த்தால் அவர்களுடைய மாற்று குவார்ட்டர்பேக். குவார்ட்டர்பேக்கை யாராவது பன்ட் தடுக்க அனுப்புவார்களா? கை போனால் யார் எறிவது? என் பக்கத்து இருக்கைக்காரர் ஆட்டம் முடிகிறவரை இதையே புலம்பிக்கொண்டிருந்தார். 28-14, தோற்றோம். பீரங்கிக்கு அப்புறம் வேலையே இல்லை.

ஃபேன்டசி பாதிக்கப்பட்டோர் சங்கம்:

2020 நவம்பர் 22. செயின்ட்ஸின் குவார்ட்டர்பேக் ப்ரீஸுக்கு விலா எலும்பு உடைந்து நுரையீரலில் அடி. மாற்று குவார்ட்டர்பேக் வின்ஸ்டன்தான் ஆடுவார் என்று நாட்டையே நம்ப வைத்துவிட்டு ஹில்லை இறக்கினார் பேட்டன். நிஜ வீரர்களின் புள்ளியை வைத்து ஆடும் எங்கள் ஆபீஸ் ஃபேன்டசி லீக் ஓடின செயலியில் ஹில் டைட் எண்ட். புரிகிறதா? எதிராளி அவரை டைட் எண்ட் இடத்தில் வைக்கிறான், அவர் அட்லாண்டாவுக்கு எதிராக 233 யார்டு எறிந்து, ஓடி இரண்டு டச்டவுனும் போடுகிறார். என் டைட் எண்ட் இரண்டு பந்து பிடித்தார். செயலிக்குப் புகார் அனுப்பினேன், "விதிப்படி சரி" என்று பதில். அந்த எதிராளி இன்றும் மீட்டிங்கில் எனக்கு நேர் எதிரேதான் உட்காருகிறான்.

டென்வர் மலையேறி:

அதற்கு அடுத்த ஞாயிறு எங்கள் ஊரில். விஸ்கான்சின் நண்பருக்காகவே எழுதுகிறேன், "எல்லா வேலையும் தெரிந்தவன்" கிடைப்பது அவ்வளவு சுலபமா என்று பார்க்க.

கொரோனா விதியால் எங்கள் பிராங்கோஸ் அணியின் குவார்ட்டர்பேக்குகள் ஒருவர்கூட ஆட முடியாமல் போய்விட்டது. கல்லூரியில் எப்போதோ குவார்ட்டர்பேக்காக இருந்து, பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாறிய கெண்டல் ஹின்டனை முந்தின நாள் கூப்பிட்டு நிறுத்தினார்கள். 9 எறிந்து 1 போய்ச் சேர்ந்தது. 13 யார்டு. 31-3 என்று தோற்றோம். எதிர்ப்பக்கம் யார் குவார்ட்டர்பேக்? ஹில். ஒரே களத்தில் இரண்டு பேர், இருவருமே இடம் மாறி ஆடியவர்கள்தான். ஒருவரை அணி மூன்று வருடத்துக்கு மேலாக அதற்கென்றே பழக்கி வைத்திருக்கிறது, இன்னொருவருக்கு ஒரே ராத்திரி. அந்த ஒரு பந்து போய்ச் சேர்ந்தபோது பிராங்கோஸ் பெஞ்சே துள்ளியது. வீட்டு சோபாவில் நானும் கை தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று இன்றுவரை புரியவில்லை.

மெட்டேரி சீசன் டிக்கெட்:

ஹூஸ்டன்வாசி, நீங்கள் செய்ததெல்லாம் தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள், வயதில் மூத்தவனாகச் சொல்கிறேன்.

முதலில் என் அனுபவம்: 2024 நவம்பர் 17, கிளீவ்லாந்து ஆட்டம், 7 தடவை ஓடி 138 யார்டு, மூன்று டச்டவுன். கடைசி ஓட்டம் 75 யார்டு. பார்த்தேன். நன்றாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒன்று, சைடில் உட்காராதீர்கள், எண்ட் சோன் (டச்டவுன் போடும் இடம்) பின்னால் மேல் வரிசை எடுங்கள். விலையும் குறைவு, ஓட்டத்துக்கு வழி திறப்பதும் அங்கிருந்துதான் தெரியும். பை எடுத்துப் போனால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் விடுவார்கள், எத்தனை பேர் வாசலில் நின்று சண்டை போடுகிறார்கள்! காதுக்குப் பஞ்சு அவசியம், கூரை மூடிய அரங்கம், சத்தம் வெளியே போகாது. அப்புறம், பந்து ஸ்னாப் ஆவதற்கு (காலிடையே பின்னால் தருவதற்கு) முன்னால் 7 எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள்.

புதியவருக்கு வட்டம் போட்டு விளக்கவே கூடாது. இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்: சாதாரணமாக குவார்ட்டர்பேக் பந்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். அதாவது தாக்குகிற பக்கம் ஒரு ஆள் வீண். ஸ்னாப்பில் பந்தை வாங்குகிறவரே ஓடினால் அந்த ஒரு ஆளும் வழி மறிக்கக் கிடைக்கிறார், தடுக்கிறவர்களுக்குக் கணக்கு உதைக்கும். சரி, ஓடத்தானே போகிறார் என்று எல்லாரும் முன்னே வந்தால், எறிந்துவிடுவார். அவர் களத்துக்குள் நடந்து வந்தாலே எதிர் பெஞ்சில் கையை ஆட்டி ஆட்டிக் கத்துவார்கள், யாரை இறக்குவது என்று தெரியாமல். இது இரண்டு நிமிட விளக்கம். தட்டு தேவையில்லை.

விஸ்கான்சின் தம்பி, நீங்கள் சொன்ன "ஒரு வேலை ஒழுங்காகத் தெரியாது" என்பதை அணியின் கணக்குப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 2021 நவம்பர் ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? நான்கு வருடத்துக்கு 4 கோடி டாலர், அவரே குவார்ட்டர்பேக் ஆனால் 9.5 கோடி வரை. ஒரே ஆளுக்கு இரண்டு விலை! கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டர் என்றால் ஏலத்தில் கூடுதலாகக் கொட்டுகிறார்கள். இங்கே சம்பளம் எந்த இடத்தில் நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது. எல்லா இடத்திலும் நிற்கிறவன் எந்த இடத்தின் முழுச் சம்பளமும் வாங்க மாட்டான். பையன்களை விளையாட்டில் விடுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் பேரனுக்கு நான் லாங் ஸ்னாப் (உதைப்பவருக்காகப் பந்தைத் தூரமாகப் பின்னால் தருவது) பழகச் சொல்லியிருக்கிறேன், யாரும் கவனிக்காத வேலை, முழங்காலுக்கும் நல்லது.

ஹூஸ்டன்வாசி:

ஐயா, நான் ஆலோசனை கேட்கவே இல்லை.

மெட்டேரி சீசன் டிக்கெட்:

கேட்காமலே கிடைத்ததால்தான் அருமை தெரியவில்லை.

பேட்டன் ரூஜ் அம்மா:

மெட்டேரி ஐயா சொன்ன கிளீவ்லாந்து ஆட்டத்துக்குச் சரியாக இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 1, ராம்ஸ் ஆட்டம். பையன் பிறந்தநாளுக்குக் கூட்டிப் போனோம், 7 எண் சட்டை போட்டிருந்தான். கடைசி க்வார்ட்டரில் ஓடினார், விழுந்தார், எழுந்திருக்கவில்லை. இடது முழங்கால். நான் நர்ஸ், கால் கிடந்த விதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பையனிடம் சொல்லவில்லை. அவன் கைவிரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். என்ன கண்ணா என்றேன். "யார் ஓடுவாங்க, யார் கிக்காஃப் பிடிப்பாங்க, கிட்டத்துல மாட்டிக்கிட்டா யார் உள்ள தள்ளுவாங்க" என்று ஒவ்வொரு விரலாகச் சொன்னான். ஒரு ஆள் விழுந்ததற்கு மூன்று விரல் மடங்கியிருந்தது.

2025 அக்டோபரில் திரும்பி வந்துவிட்டார், 35 வயதில். பையன் சட்டை இப்போது சின்னதாகிவிட்டது. கழற்ற மாட்டேன் என்கிறான்.

தம்பா தம்பி:

விஸ்கான்சின் அண்ணே, ஒரு சந்தேகம். பிரீசீசனில் மூன்றாவது நான்காவது குவார்ட்டர்பேக்குகளைக் கடைசியில்தானே இறக்குவார்கள். லாம்போவில் முழு ஆட்டமும் இருந்தீர்களா?

விஸ்கான்சின் சீஸ்:

மூன்றாவது க்வார்ட்டரோடு கிளம்பிவிட்டோம். பார்க்கிங்கில் மாட்டிக்கொள்வோம் என்று என் மனைவி சொன்னாள்.

ஹூஸ்டன்வாசி:

எந்தப் பக்கம் பார்க்கிங்?

விஸ்கான்சின் சீஸ்:

யாரோ வீட்டு முற்றத்தில். இருபது டாலர். காரை எடுக்கும்போது அரங்கத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் கேட்டது. யாருக்காக என்று அப்போது விசாரிக்கவில்லை.