கண்டியிலுள்ள ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை யாழ்ப்பாணத்திலிருந்து வாங்குவது: இயந்திர இலக்கமும் பதிவுப் புத்தகமும் பற்றி ஆலோசனை தேவை

திருநெல்வேலி வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பழைய ஆங்கிலேயக் கார்களில் எனக்கு நீண்டகால ஈடுபாடு உண்டு. எங்கள் வீட்டில் ஓர் ஒஸ்ரின் ஏ40 இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. கண்டிக்கு அருகில் வசிக்கும் ஒருவர், 1968ஆம் ஆண்டில் பதிவான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஒன்றை விற்பதாக விளம்பரம் செய்திருக்கிறார். ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு மாறாமல் இருக்கிறது. கூரையை மடக்கக்கூடிய, இருவர் மாத்திரம் அமரும் இந்தக் காரைப் படத்தில் பார்த்த நாளிலிருந்து அதை விட்டுவிட மனம் வரவில்லை. ஆனால் விற்பவர் ஏ9 வீதியின் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் இருக்கிறோம்; இடையில் 321 கிலோமீற்றர். காரை நேரில் பார்க்க முன்னரே சில ஐயங்கள் எழுந்துவிட்டன.

அவர் அனுப்பிய படங்களில், பொனற்றின் கீழுள்ள தகட்டில் காரின் இலக்கம் எஃப்.டி. என்று தொடங்குகிறது. இயந்திரத்தில் பொறிக்கப்பட்ட இலக்கமோ ஜி.இ. என்று தொடங்குகிறது. இது வழமையானதா, அல்லது இயந்திரம் மாற்றப்பட்டிருக்கிறதா? இரண்டாவதாக, பதிவுப் புத்தகத்தில் இருப்பது அவருடைய பெயர் அல்ல. முந்தைய உரிமையாளர் கையொப்பமிட்ட படிவம் தன்னிடம் இருப்பதாகவும், அதை வைத்து நேரடியாக என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் கூறுகிறார். கொழும்பிலிருந்து வேறொருவர் வர இருப்பதால், கணிசமான தொகையொன்றை முற்பணமாக வங்கியில் இடுமாறும் கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கொக்குவில் கராஜ்காரர்:

தம்பி, முதலில் இலக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். எஃப்.டி. என்ற எழுத்துகள் 1967 முதல் 1970 வரை உற்பத்தியான மார்க் 3 ஸ்பிட்ஃபயருக்கு உரியவை. அதற்கு முந்திய மார்க் 1, மார்க் 2 கார்கள் எஃப்.சி. என்று தொடங்கும். ஆகவே கார் மார்க் 3 என்பதில் பொய் இல்லை. ஜி.இ. என்பது ஹெரால்ட் 13/60 காரின் எழுத்து. இரண்டும் ஒரே கம்பனியின் 1296 சி.சி. இயந்திரக் குடும்பம் என்பதால் ஹெரால்டின் இயந்திரம் ஸ்பிட்ஃபயரில் பெரிய வெட்டு வேலை எதுவும் இல்லாமல் அமர்ந்துவிடும். இலங்கையில் ஹெரால்ட் கார்கள் ஓடிய காலத்தில், உடைந்த ஸ்பிட்ஃபயர் இயந்திரத்துக்குப் பதிலாக ஒன்றைத் தேடியவர் கைக்கு அகப்பட்டதைப் பொருத்தியிருப்பார். ஓட்டத்தில் வேறுபாடு தெரியும், ஏனெனில் ஸ்பிட்ஃபயருக்கு இரட்டை எஸ்.யு. காபரேற்றரும் கூடிய அமுக்க விகிதமும் உண்டு; ஹெரால்டுக்கு ஒற்றைக் காபரேற்றர்தான். படத்தில் எத்தனை காபரேற்றர் தெரிகிறது என்று பாருங்கள். இயந்திரத்தை மாற்றியது மெக்கானிக் கண்ணில் குற்றம் அல்ல. ஆனால் பதிவுப் புத்தகத்தில் எந்த இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்டு எழுதுங்கள்.

இயந்திரத்தை எப்போதும் திருத்தலாம். இந்தக் காரை வாங்குபவர் பயப்பட வேண்டியது கறளுக்கு (துருவுக்கு). ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேசிஸ் இருக்கிறது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்துவார்கள். அது உண்மைதான், ஆனால் அந்தச் சேசிஸின் இரு பக்கங்களிலும் ஓரச் சட்டம் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடுகளே உடலின் விறைப்பைத் தாங்குகின்றன. சில் உக்கிவிட்டால் கார் நடுவில் தொய்யும். அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி கதவு. கதவை மூடிவைத்து அதன் பின் ஓரத்து இடைவெளியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் இருந்தால் உடல் மடிந்திருக்கிறது. பிறகு ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில் நெடுகிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது.

இருக்கைகளுக்குப் பின்னே கம்பளத்தைத் தூக்கினால், பின் சக்கரத்தைப் பிடிக்கும் கம்பி உடலில் பூட்டப்பட்டிருக்கும் இடம் தெரியும். அந்த இடமும் உறுதியாக இருக்க வேண்டும்.

இயந்திரத்தில் ஒரேயொரு பரிசோதனையை மட்டும் தவறவிட வேண்டாம். இயந்திரத்தை நிறுத்தி, ஒருவரைக் கிளச் மிதியை அழுத்திவிடச் சொல்லி, முன்னாலுள்ள கிராங் புலியை (இயந்திரத் தண்டின் முனையிலுள்ள உருளையை) கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்பின் நகர்ந்தால், அந்த அசைவைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இது இந்த இயந்திரக் குடும்பத்தின் பிறவிக் குணம். வாஷர் முற்றாகத் தேய்ந்து சம்பிற்குள் (அடியிலுள்ள ஒயில் தொட்டிக்குள்) விழுந்துவிட்டால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து அழியும். நேரத்தோடு கண்டால் சம்பைக் கழற்றி, இயந்திரத்தை இறக்காமலே மாற்றிவிடலாம்.

பிரதேச செயலகத்தில் பணியாற்றியவர்:

ஆவணம் பற்றி மட்டும் எழுதுகிறேன். கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தைக் கைமாற்றி விற்பது நம் நாட்டில் பரவலாக நடக்கிறது என்பதற்காக அது பாதுகாப்பானது ஆகிவிடாது. சட்டப்படி வாகனம் கைமாறியதும் விற்பவர் எம்.டி.ஏ. 6 படிவத்தின் மூலம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், வாங்குபவர் எம்.டி.ஏ. 8 படிவத்தோடு தம் பெயரைப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் சொல்வதில் இடையிலுள்ள மனிதர் எந்த ஏட்டிலும் இல்லை. நாளை முந்தைய உரிமையாளர் கையொப்பத்தை மறுத்தாலோ, அவர் காலமாகிவிட்டார் என்று தெரியவந்தாலோ, நீங்கள் யாரிடம் போவீர்கள்?

ஆகையால் முதலில் விற்பவர் தம் செலவில் தம் பெயருக்கு மாற்றட்டும், அதன் பிறகு உங்களுக்கு விற்கட்டும். அதற்கு அவர் உடன்படவில்லை எனில், புத்தகத்தில் பெயருள்ளவரையே நேரில் சந்தித்து, அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, உங்கள் முன்னிலையில் கையொப்பம் பெறுங்கள். அத்துடன் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதேனும் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய காரை ஈடு வைத்தும் கடன் எடுக்கிறார்கள். இயந்திர இலக்கம் புத்தகத்தோடு பொருந்தாவிட்டால், அதைத் திணைக்களத்தில் அறிவித்து, பரிசோதனைக்குப் பின்னர் திருத்த வேண்டும். அந்த வேலையும் விற்பவருடையதே. வாங்கிய பின் நீங்கள் அதைச் செய்யப் புறப்பட்டால், அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டிவரும்.

முற்பணம் கேட்கும் அவசரத்துக்கு மசிய வேண்டாம்.

திருநெல்வேலி வாசகர்:

ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. புத்தகத்தின் படத்தைக் கேட்டுப் பெற்றேன். அதில் இயந்திர இலக்கம் எஃப்.டி. என்றே இருக்கிறது; ஆகவே இயந்திரம் மாற்றப்பட்டது திணைக்களத்துக்குத் தெரியாது. நிதி நிறுவனம் எதன் பெயரும் இல்லை. இரட்டைக் காபரேற்றர் இருக்கிறது. பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிப் பொருத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கண்டிப் பக்கத்தில் இருக்கும் எவராவது காரை ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா? போக்குவரத்துச் செலவை நான் தருவேன்.

பேராதனைத் தமிழர்:

விற்பவரிடம் நேரம் கேட்டுக்கொண்டு சென்று பார்த்தேன். செலவு எதுவும் வேண்டாம். மனிதர் பண்பானவர், எதையும் மறைக்க முயலவில்லை. பொனற் முழுவதும் முன்பக்கமாகச் சரிந்து திறந்ததும் இயந்திரமும் முன் சக்கரங்களும் வெளியே தெரிகின்றன. கிராங் புலியை மகன் கிளச் மிதிக்க நான் விரல் வைத்துப் பார்த்தேன். அசைவு உணரும்படி இல்லை. சூடான பிறகு வெளியேறும் புகை நிறமற்றே இருந்தது. இருக்கைக்குப் பின்னே கம்பளத்தின் கீழ் தகடு பழைய பச்சை நிறத்தோடு உறுதியாக இருக்கிறது.

ஆனால் சாரதிப் பக்கச் சில் தகட்டில் முன் சக்கரத்துக்கு அருகே ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் பிடிக்கவே இல்லை. நகத்தால் தட்டினால் தகரத்தின் ஓசை வராமல் மொத்தென்று கேட்கிறது. அந்தப் பக்கக் கதவின் பின் ஓர இடைவெளி மேலே நெருங்கியிருக்கிறது. கதவை மூட சற்றுத் தூக்கிவிட வேண்டியிருந்தது. மறுபக்கம் நன்றாக இருக்கிறது. கண்டியின் மழைக்கு இது எதிர்பார்க்கக் கூடியதுதான், ஆனால் விளம்பரத்தில் கறள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். முன் ட்ரனியன்களுக்கு (முன் சக்கரத் தண்டுகள் சுழலும் பித்தளைக் கட்டைகளுக்கு) என்ன போடுகிறார்கள் என்று கேட்டேன், கிறீஸ் என்றார்.

கொக்குவில் கராஜ்காரர்:

உங்கள் கண்ணுக்கு நன்றி, ஐயா. கதவு தூக்கித்தான் மூடப்படுகிறது என்றால் வெளித்தகட்டோடு நின்றிருக்காது. உள்ளே உள்ள பலப்படுத்தும் தகடும் போயிருக்கும். இது செய்ய முடியாத வேலை அல்ல. ஆனால் ரிங்கர் (தகட்டு) வேலை செய்பவர் முறை தெரிந்தவராக இருக்க வேண்டும். சில்லை வெட்டி எடுக்க முன்னர் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் ஒட்டி உடலை அதன் சரியான வடிவத்தில் நிறுத்திவைக்க வேண்டும். காரை நான்கு சக்கரங்களின் பாரத்தில் நிற்கவைத்தே ஒட்ட வேண்டும். ஜக்கில் தூக்கிவைத்து ஒட்டினால் வளைந்த வளைவிலேயே கார் இறுகிவிடும், அதன் பிறகு கதவு ஒருநாளும் பொருந்தாது. இந்தச் செலவைக் கணக்கிட்டு விலையில் குறைக்கச் சொல்லுங்கள். இயந்திரம் மூலத்துக்குரியது அல்ல என்பதற்கும் தனியே குறைக்க வேண்டும். சேகரிப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

ட்ரனியனுக்குக் கிறீஸ் போட்டது கவலை தருகிறது. முன் அச்சின் நிமிர்ந்த தண்டு அந்தப் பித்தளைக் கட்டைக்குள் புரியோடு சுழல்கிறது. அதற்கு வேண்டியது 90 கியர் ஒயில். கிறீஸ் காய்ந்து கட்டியானால் கீழ்ப் புரிக்கு ஒயில் எட்டாது. நீர் தங்கிக் கறள் பிடித்துத் தண்டு முறிந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் சக்கரம் மடிந்துவிடும். ஆகவே அந்தக் காரை ஏ9 வழியாக ஓட்டிவரும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

இலண்டனிலிருந்து ஒருவர்:

ஸ்பிட்ஃபயரின் சில் தகடுகளும், திரஸ்ட் வாஷரும், ட்ரனியனும் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. லிங்கனிலுள்ள ரிம்மர் பிரதர்ஸ் போன்ற கடைகள் வெளிநாட்டுக்கும் அனுப்புகின்றன. சுங்க வரியைச் சேர்த்தே கணக்கிடுங்கள். கெய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்துக்குக் காரின் இலக்கத்தை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து அதன் முதல் இயந்திர இலக்கம், நிறம், உற்பத்தித் திகதி ஆகியவற்றைச் சான்றிதழாகத் தருவார்கள். புத்தகத்தில் எழுதியுள்ள எஃப்.டி. இயந்திர இலக்கம் அதனோடு பொருந்தினால், கார் இடையில் வேறொன்றோடு சேர்த்து ஒட்டப்படவில்லை என்பதற்கு அது நல்ல ஆதாரம். பழைய இயந்திரம் விற்பவரின் கொட்டிலில் எங்காவது கிடக்கிறதா என்றும் கேளுங்கள். உடைந்த நிலையில் இருந்தாலும் அதைக் காரோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்:

விற்பவரோடு நீண்ட நேரம் பேசினேன். சில்லின் நிலையை ஏற்றுக்கொண்டு விலையைக் குறைத்தார். தம் பெயருக்கு மாற்றவும் இயந்திர இலக்கத்தைத் திருத்தவும் முதலில் தயங்கினார். இரண்டும் முடியாமல் நான் வாங்கப்போவதில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். பழைய எஃப்.டி. இயந்திரம் அவர் வாங்கியபோதே இல்லையாம். முற்பணமாகச் சிறு தொகையை மட்டும், சட்டத்தரணி எழுதிய ஒப்பந்தத்தின் பேரில், அந்த இரண்டு வேலைகளும் முடியாவிட்டால் திருப்பித் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கிறேன். மீதியைப் பதிவுப் புத்தகம் அவர் பெயரில் வந்த பின்னர் கண்டிக்குச் சென்று, கையொப்பமிடும் வேளையில் வங்கியூடாகச் செலுத்துவேன். காரைக் கரியர் வண்டியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? எரிபொருள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கொக்குவில் கராஜ்காரர்:

சில் தகட்டிலோ பம்பரிலோ கயிறு போட விடாதீர்கள்; ஏற்கெனவே உக்கிய பக்கம் இன்னும் நசியும். கட்டும் பட்டிகளைச் சக்கரங்களின் மேலாகப் போட்டு ரயரை மேடையோடு இறுக்கச் சொல்லுங்கள். பின் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு என்பதால் உடலைக் கீழே இழுத்துக் கட்டினால் அவை விரிந்து சாய்ந்துவிடும். துணிக் கூரையை மூடி, மேலே தார்ப்பாய் போட்டு, அது பெயின்றில் உராயாதபடி கட்டுங்கள். பற்றறியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள்.

எரிபொருளுக்கு 95 ஒக்ரேன் பெற்றோலே போடுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள்; அமுக்க விகிதம் குறைந்த அந்த இயந்திரங்கள் அதைத் தாங்கின. இது அந்த வகை அல்ல. கார் வந்ததும் ஓட்டிப் பார்க்க முன்னர் என்னிடம் கொண்டுவாருங்கள். இரு ட்ரனியன்களையும் கழற்றி, தண்டுகளின் புரியைக் கழுவிப் பார்த்து, கறள் கடித்த அடையாளம் இருந்தால் தண்டையும் சேர்த்தே இலண்டனுக்குச் சொல்லி எடுப்பிக்கலாம்.