வேலிக்கடியில் பள்ளம் பறித்து ஓடும் நாய், வழி சொல்லுங்கள்

வணக்கம். தேன்கனிக்கோட்டை பக்கம், காட்டை ஒட்டி வீடு. எங்கள் மணி, இரண்டு வயது நாட்டு நாய். ராத்திரியில் வேலிக்கடியில் பள்ளம் பறித்து வெளியே போய் முள்ளம்பன்றியோடு மல்லுக்கு நிற்கிறான். மாசிக் கடைசியில் ஆரம்பித்தது, மாமரத்தில் பிஞ்சு பிடித்த பிறகும் ஓயவில்லை.

போன வாரம் மூக்கிலும் தாடையிலும் கறுப்பு வெள்ளை முட்கள் குத்தி நிற்க வந்தான். ஒன்று உள்ளேயே ஒடிந்துவிட்டது, மயக்க ஊசி போட்டுத்தான் டாக்டர் எடுத்தார். மறுநாளே வாலை ஆட்டிக்கொண்டு அதே பள்ளத்தில் மோப்பம்!

வேலி ஐந்தடி கம்பி வலை, கீழே செம்மண். கல் வைத்து அடைத்தால் பக்கத்தில் பறிக்கிறான். மிளகாய்த்தூள் போட்டோம், தும்மிவிட்டுத் தோண்டுகிறான். கயிற்றைக் கடித்துவிடுகிறான். சங்கிலி போட்டால் விடிய விடிய ஊளை, கூடவே பூனையும் கச்சேரி. கரண்ட் வேலி யோசனை மட்டும் வேண்டாம், வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம்.

முள்ளை விடுங்கள், இந்தப் பக்கம் சிறுத்தை உண்டு. யானையைக் குரைத்துச் சீண்டினால், துரத்துகிற யானையை நேராக வாசலுக்கே கூட்டி வந்துவிடுவான்.

நாய் பறிக்க முடியாதபடி வேலியின் அடிப்பக்கத்தை எப்படிக் கட்டினீர்கள்?