ஈயைக் "கடத்தி" என்று எழுதலாமா?

தேவிபட்டினத்திலிருந்து, அறிவியல் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். கடலோரப் பள்ளிகளுக்கான நலவாழ்வுத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலுக்குள் வளர்ந்து பெருகிய பிறகே மனிதரிடம் வருகிறது. கொசுவின் வயிற்றில் அதனை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். வீட்டு ஈயோ மலத்தை மிதித்த காலோடு நேரே சோற்றில் வந்து உட்காருகிறது. நோய்க்கிருமியைச் சுமந்து பரப்பும் உயிரியைக் கடத்தி (vector) என்கிறோம்; கிருமி தன்னுள் வளராமல் வெறுமனே சுமந்துவரும் இந்த இரண்டாம் வகைக்கு வரைவில் "இயந்திரக் கடத்தி" (mechanical vector) என்று இருக்கிறது. படித்துக் காட்டியதும், ஈக்குள் மோட்டார் உண்டா என்று ஒரு மாணவன் கேட்டான். "கடத்தி" என்றதற்கு வகுப்பே சிரித்தது. இந்தக் கரையில் கடத்தல் என்றால் இரவில் இலங்கைக்குப் போகும் படகுதான். மாற்றுச்சொல் வேண்டும்.

மண்டபத்திலிருந்து, மன்னாரில் படித்தவர்:

நாங்கள் நோய்க்காவி என்றே எழுதுவோம், டீச்சர். காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கீழக்கரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

காவி நல்ல சொல். தோளில் சுமக்கும் தண்டுக்குக் கா என்று பெயர், காவடியும் அதனடியாக வந்தது. ஔவையார் புறநானூற்று 206ஆம் பாட்டில் "காவினெம் கலனே" (கலன்களைக் காவில் சுமந்தோம்) என்கிறார். ஆயினும் இங்குள்ள பிள்ளைக்குக் காவி என்றால் துணியின் நிறம். கடத்தியில் இலக்கணக் குறை ஏதுமில்லை: கட என்னும் தன்வினைக்குக் கடத்து பிறவினை, இறுதி இகரம் செய்பவரைக் குறிக்கும் வினைமுதற்பொருள் விகுதி. சொல்லப்போனால் பிள்ளைகளின் சிரிப்பே பொருத்தத்தைக் காட்டுகிறது, ஏனெனில் படகில் ஏற்றிய சரக்கு ஏறியபடியே கரை இறங்குகிறது, ஈயின் காலில் ஏறிய கிருமியும் அவ்வாறே. ஆகவே ஈக்கு வெறுங்கடத்தி, கொசுவுக்கு வளர்கடத்தி என்று வைக்கலாம். (ஈ என்பது இழிந்தோன் இரக்கும் சொல் என்பார் தொல்காப்பியர்; நம் ஈயோ கேட்காமலே ஈகிறது.)

ராமேசுவரத்திலிருந்து, மருத்துவர்:

ஐயா, வெறுங்கை என்றால் ஒன்றுமில்லாத கை. வெறுங்கடத்தி எதையும் கடத்தாதது ஆகிவிடாதா? வளர்கடத்தியும் வளர்பிறை போல வினைத்தொகை, கொசுவே வளர்வதாகப் பொருள்படும்.

நேற்று பாம்பனில் நெத்திலி காயப்போட்டிருந்த வலையருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஈ கருவாட்டில் முன்கால்களைத் தேய்த்துவிட்டு என் கண்ணாடித் தம்ளரின் விளிம்புக்கு வந்தது. திடப்பொருளை அதனால் கடிக்க இயலாது. வயிற்றிலிருந்து நீரைக் கக்கி, கரைத்து, பஞ்சு போன்ற வாயால் உறிஞ்சும். அது எழுந்து போனபின் விளிம்பில் குண்டூசித் தலையளவு புள்ளி ஒன்று காய்ந்து நின்றது. டைபாய்டு, சீதபேதிக் கிருமிகள் கால்மயிரில் மட்டுமல்ல, இந்தக் கக்கலிலும் எச்சத்திலும் வருகின்றன. சொல் இதனையும் தாங்கவேண்டும்.

கீழக்கரையிலிருந்து:

திருத்தத்தை ஏற்கிறேன். ஒட்டுக்கடத்தி எனலாமா?

ராமேசுவரத்திலிருந்து:

குடலில் இருப்பது ஒட்டியதன்று, ஐயா.

தேவிபட்டினத்திலிருந்து:

அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார். நான்கு பேர் ஒட்டுக்கடத்திக்கு இசைந்து தனிமடல் அனுப்பியுள்ளனர், இருவர் களைத்துப்போய் எதுவானாலும் சரி என்றனர். அதையே இட்டு, கக்கலையும் எச்சத்தையும் படத்தின் கீழ் இரண்டு வரியில் விளக்கிவிட்டேன். கொசுவின் பெயரை அடுத்த அறிக்கைக்குத் தள்ளிவைத்தேன்.

மண்டபத்திலிருந்து:

காவிக்கு ஒரு வாக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள், டீச்சர்.