தாராவி சொந்தங்கள் குழு: கனிக்குப் பேரு எங்க எழுத?

கனி, காலை 9:10
எல்லாருக்கும் வணக்கம். நேத்து ரத்தம் பாத்ததுல ஹீமோகுளோபின் 8.2 தான் இருக்காம். ஆறு மாசம் முடியப் போகுது, பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரில பேரு எழுதிரச் சொல்லிட்டாங்க. எங்க எழுத?

பெரியப்பா, 9:14
தெருமுனை நர்சிங் ஹோம் இருக்குல்லா. நடந்து போற தூரம்.

செல்வி அத்தை, 9:19
அண்ணே, அங்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ராத்திரி ரத்தம் நிக்காமப் போனப்ப அங்க டாக்டரும் இல்ல, ஏத்த ரத்தமும் இல்ல. ஆட்டோல தூக்கிப் போட்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, மறந்துட்டியளா? கனிக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மி. பொம்பளைங்க ஆஸ்பத்திரி காமாவுல எழுதுவோம்.

பெரியப்பா, 9:25
அப்ப சயான்லயே எழுதலாமே, வீட்டு வாசல்ல இருக்கு. காமாவுக்கு வி.டி. ஸ்டேசன் வரைக்கும் எதுக்கு அலையணும்? பொம்பளைக்குன்னு தனி ஆஸ்பத்திரி அந்தக் காலத்துக்குச் சரி. இப்பதான் எல்லா இடத்துலயும் லேடி டாக்டர் இருக்காங்களே.

பிரியா, 9:41
பெரியப்பா, காலேஜ் ப்ராஜெக்டுக்கு இதைத்தான் படிச்சேன். ஆம்பளை டாக்டர்கிட்ட காட்ட மாட்டோம்னு வீட்டுக்குள்ளயே கெடந்து செத்த பொம்பளைங்க அன்னைக்கு அவ்வளவு பேர். 1882ல சொராப்ஜி பெங்காலின்னு ஒரு பார்சிக்காரரும், கிட்ரெட்ஜ்னு ஒரு அமெரிக்க வியாபாரியும் சீமையில இருந்து லேடி டாக்டர் கொண்டுவர நிதி திரட்டினாங்க. ஆஸ்பத்திரி கட்டப் பணம் குடுத்தது பெஸ்தோன்ஜி காமா. 1886ல திறந்தாங்க.

பொறுப்பேத்துக்கிட்டது எடித் பீச்சி. எடின்பரோவுல கெமிஸ்ட்ரி பரீட்சையில புதுசா எழுதினவங்கள்ல அவங்கதான் முதலிடம். பொண்ணுங்கிறதால அதுக்குரிய ஸ்காலர்ஷிப்பை அடுத்து வந்த பையனுக்குக் குடுத்துட்டாங்க. அதைப் படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்த அம்மாதான் 1883 கடைசியில பம்பாய் வந்தாங்க. சின்ன வயசுல கட்டிவச்ச புருசன்கூடப் போக மாட்டேன்னு கோர்ட்டுல நின்ன ருக்மாபாய்க்குத் துணையா இருந்து, லண்டன் போய் டாக்டருக்குப் படிக்கவும் உதவினாங்க.

பெரியப்பா, 9:47
நம்ம மெட்ராஸ்ல?

பிரியா, 9:50
எழும்பூர்ப் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி 1844லயே ஆரம்பிச்சது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885. கோஷான்னா திரைக்குள்ள இருக்கிறது. வெளிய வராத பொம்பளைங்களுக்குன்னே மேரி ஷார்லீப்னு ஒரு டாக்டரம்மா முன்னால நின்னு உண்டாக்கினது.

செல்வி அத்தை, 10:22
இப்பதான் அடுப்பு வேலை முடிஞ்சது. அண்ணே, சயானை நான் குறை சொல்லல. நம்ம நாட்டுலயே தாய்ப்பால் வங்கி 1989ல அங்கதான் மொதல்ல வந்தது. ஆனா 28 வருசம் பொம்பளை வார்டுல ஆயாவா இருந்தவ சொல்லுதேன், கேளுங்க.

ஒரு அம்மா காய்ச்சல்னு வந்து படுத்தாவ. பெட்சீட் மாத்தும்போது முந்தானைய வாயில வச்சு அழுத்திக்கிட்டு, எழுந்திரிக்கவே மாட்டேங்காவ. ஏன்மான்னு கேட்டா பதில் இல்ல. ஸ்கிரீனை இழுத்துவிட்டுட்டுப் பக்கத்துல உக்காந்தேன். அப்பதான் காதுக்குள்ள சொன்னாவ, நாலு வருசமா அடி இறங்கி, கர்ப்பப்பை வெளிய தள்ளிக் கெடக்குன்னு. புருசனுக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. குந்தி உக்கார முடியாம நின்னுக்கிட்டே மாவாட்டியிருக்காவ! வெளிய போனா வீச்சம் அடிக்குமோன்னு கோயிலுக்குக்கூடப் போகலையாம். நான் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தேன். ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்குப் போற அன்னைக்கு, என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்து உக்காந்து எந்திரிச்சுக் காட்டுனாவ.

லேடி டாக்டர் இருந்தா மட்டும் போதாது அண்ணே. தரை கூட்டுறவ, கேஸ் பேப்பர் எழுதுறவ, பக்கத்துக் கட்டில்காரி எல்லாரும் பொம்பளையா இருந்தாத்தான் சில பேருக்கு வாயே திறக்கும்.

பெரியப்பா, 10:31
சரிம்மா. நீ சொன்னா சரிதான். திடீர்னு வலி எடுத்தா?

செல்வி அத்தை, 10:34
ராத்திரி நேரம்னா சயானுக்கே போயிரலாம். அதுக்குத்தான் கேஸ் பேப்பர், ரத்த ரிப்போர்ட், சோனோகிராபி எல்லாம் ஒரே பையில கட்டி வாசல்ல மாட்டி வைக்கச் சொல்லுதேன். கனி, வியாழக்கிழமை 7 மணிக்கு ஸ்டேசன்ல நில்லு, நான் வாறேன். ஆதார் எடுத்துக்கோ. இரும்பு மாத்திரை போட்டவுடனே டீ குடிக்காத.

கனி, 10:36
சரி அத்தை.

கனி, 10:52
அத்தை, உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். குரூப்ல வேண்டாம்.

செல்வி அத்தை, 10:52
இப்பவே போன் போடுளா.