பிரான்சோட ரோன் பக்கத்து வெள்ளை ஒயினும் விரால் குழம்பும் சரிப்படுமா?

வெத்தலைக்கொடி (கும்பகோணம்):
பாரீஸ்ல இருந்து வந்த சித்தப்பா மகன் ஒரு வெள்ளை ஒயின் கொடுத்துட்டுப் போயிருக்கான். லேபிள்ல கோத் தூ ரோன், திராட்சை வகை கிரெனாஷ் பிளான், ருசான், வியோனியே, ஆல்கஹால் 13.5 சதவீதம்னு போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை மச்சான் குடும்பத்தோட வர்றார். வீட்டுல விரால் குழம்புன்னு முடிவாயிடுச்சு, மண்சட்டியில முதல் நாளே வச்சுடுவாங்க. அதோட இதைத் திறக்கலாமா? ஐஸ் போடணுமா?

திருப்பட்டினத்தான்:
தம்பி, குழம்பை வையுங்க. பாட்டிலை மட்டும் அன்னிக்குத் தொடாதீங்க. நான் அந்த ரோன் பக்கத்து அவிஞோன் ஊர்ல ஒரு ஓட்டல் சமையல்கட்டுல ரொம்ப வருஷம் நின்னவன், அங்க தினமும் புழங்கின சரக்கு இது.

ரோன் ஆத்தோட தென்பகுதி நல்ல வெயில் காயற ஊரு. கிரெனாஷ் பிளான் அங்க நல்லாப் பழுத்துடும், அதனால ஒயின் கனமா இருக்கும், ஆல்கஹாலும் ஏறும், புளிப்பு மட்டும் கம்மி. ருசான் பேரிக்காய், தேன், லேசா மூலிகை வாசனை கொடுக்கும். வியோனியே கொஞ்சம் சேர்த்தாலே பூ வாசம் தூக்கும். புளிப்பைச் சரிக்கட்ட பூர்புலான்னு இன்னொரு திராட்சையைக் கலக்கறவங்களும் உண்டு, உங்க பாட்டில்ல அது இல்ல. புளிக்குழம்பு முன்னாடி இது சப்புன்னு போயிடும். மிளகாய்த்தூள் காரத்துக்கு மேல இந்த ஆல்கஹால் பட்டா நாக்கு இன்னும் எரியும். 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்டும் எங்க காரைக்கால்ல மீன் குழம்புக்குப் புளியை விடலையே, என்ன பண்றது!

இறால் வாங்குங்க. சின்ன வெங்காயம், இஞ்சி, கீறின பச்சை மிளகாய் ரெண்டே ரெண்டு, கறிவேப்பிலை வதக்கி, தேங்காயோட ரெண்டாம் பால்ல இறாலை வேகவிடுங்க. சுருண்டு வந்ததும் முதல் பாலை ஊத்தி, கொதி வர்றதுக்குள்ள இறக்கிடணும். தக்காளியும் வேண்டாம். தென் பிரான்ஸ்ல செத்னு ஒரு துறைமுகம், அங்க புரீத்னு ஒரு மீன் குழம்பு வைப்பாங்க. பூண்டு, முட்டை மஞ்சக்கரு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அடிச்ச அய்யோலியை மீன் வெந்த சாறுல கரைச்சு, கெட்டியா, வெளுப்பா இருக்கும். அந்தக் கொழுப்புக்கு இந்த மாதிரி ஒயின் பிரமாதமா நிக்கும். நம்ம தேங்காய்ப்பாலும் அதே வேலையைத்தான் செய்யுது.

ஐஸ் கூடவே கூடாது. ஃபிரிட்ஜுல மூணு மணி நேரம் வச்சு, சாப்பிட உக்கார்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுங்க. 10, 12 டிகிரி போதும். ரொம்பக் குளிர்ந்தா ருசான் வாசனை மூக்குக்கே வராது.

பாபநாசம் மருமகள்:
எங்க வீடு சைவம் அண்ணா. பறங்கிக்காய் பால்கூட்டு ஒத்துவருமா?

திருப்பட்டினத்தான்:
வெல்லம் போடுவீங்களேம்மா. இனிப்போட சேர்ந்தா இனிப்பில்லாத ஒயின் கடுகடுன்னு தெரியும். முந்திரி அரைச்ச வெள்ளைக் குருமா வையுங்க, இல்லேன்னா சௌசௌ கூட்டுல மிளகும் தேங்காயும் தூக்கலா. தயிர் பக்கம் போகாதீங்க.

நாகை கடற்கரை:
புளி விஷயத்துல அண்ணன் சொல்றது சரி. ஆனா எனக்கு இந்தக் கனமான கலவையே பிடிக்காது, ரெண்டாவது கிளாஸ்லயே திகட்டிடும். நெத்திலி வறுவல், கணவாய் பொரியலுக்கெல்லாம் பிக்பூல் த பினேங்கிற வெள்ளை ஒயின்தான். தென் பிரான்ஸ்ல 'தோ'ங்கிற உப்பங்கழி ஓரத்துல விளையற பிக்பூல் திராட்சை மட்டும்தான் அதுல, கலப்பு கிடையாது, சுள்ளுன்னு புளிப்பு. அங்கேயே வளர்க்கிற சிப்பியோடதான் அந்த ஊர்க்காரங்க குடிப்பாங்க.

திருப்பட்டினத்தான்:
வறுவலுக்கு நீங்க சொல்றதுதான் சரி. ஆனா அவர் கையில இருக்கிறதுக்குத்தானே வழி சொல்லணும்! கொடுவாத் துண்டுல மிளகு, மஞ்சள், உப்பு தடவி நெய்யில போட்டு எடுத்தா இதுக்கும் பொருந்தும்.

வெத்தலைக்கொடி:
வீட்டுல பேசிட்டேன். விரால் சனிக்கிழமைக்குப் போயிடுச்சு, ஞாயிறு இறால். ஆனா மச்சான் எதுலயும் சோடா கலக்காம குடிக்க மாட்டாரே?

திருப்பட்டினத்தான்:
அவருக்குத் தனியா பீர் வாங்கி வச்சிடுங்க தம்பி.